மாடு, தேங்காய், கத்தி

“நல்லா கேட்டுக்க வேலாயி. மாடு, தேங்காய், கத்தி. டாக்டரம்மா இந்த மூணத்தான் சொல்லி, அஞ்சு நிமிஷங் கழிச்சுத் திருப்பிக் கேப்பாங்க. இதையும் கோட்டை விட்டுறாத!”

சோதனை முடிந்து வெளியே வந்த சூட்டோடு சீதாலெட்சுமி தங்கையின் காதைக் கடித்தாள். மஸ்கெலியா மண்டபத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு ஞாபகசக்தி முகாம். அக்காவுக்கு முதல் நம்பர், வேலாயிக்கு இரண்டு.

வேலாயி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபது வருஷமாக வடைக்கடை நடத்துகிறாள். போன மாதம் ஒருநாள் அடுப்பை அணைக்காமல் எண்ணெய்ச் சட்டி தீய்ந்துபோனது. அன்றைக்குக் கடையில் ஒத்தாசைக்கு நின்ற அக்காதான், “நீதான்டி மறந்துட்ட!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

விஷயம் மகன் பிரதீபன் காதுக்கும் போனது. “டாக்டரும் மறதின்னு சொன்னாங்கன்னா கடைய மூடிரணும்மா,” என்று கறாராகச் சொல்லிவிட்டான். கடையை மூடிவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? நினைத்தாலே அழுகை வந்தது.

“எங்க, ஒருக்கா சொல்லு.”

“மாடு, தேங்காய், கத்தி.”

“அப்பாடா, தேறிடுவ. போ.”

உள்ளே டாக்டர் சுலக்ஷனா சிரித்த முகமாக இருந்தாள். “மூணு சொல் சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. குடை, ரயில், மணி.”

வேலாயிக்குத் திக்கென்றது. அட முருகா, அக்கா சொன்னது இது இல்லையே!

“நூறுல ஏழு போனா?” என்று கேட்டாள் டாக்டர்.

“தொண்ணூத்து மூணு. அதுல ஏழு போனா எம்பத்தாறு. இன்னும் சொல்லவாங்க?” வடை வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா இது! கிழமை, தேதி எல்லாவற்றுக்கும் பட் பட்டென்று பதில் வந்தது.

“சரிம்மா, மொதல்ல சொன்ன மூணு சொல்லு?”

வேலாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “மாடு, தேங்காய், கத்தி!”

டாக்டரின் பேனா நின்றது. “நான் அதையா சொன்னேன்?”

“நீங்க குடை, ரயில், மணின்னு சொன்ன மாதிரிதாங்க இருந்திச்சு. ஆனா எனக்குத்தான் மறதியாச்சே! என் காத நம்புறதா, அக்காவ நம்புறதா? அவங்க சொல்லிக் குடுத்ததையே சொல்லிட்டேங்க. கடைய மட்டும் மூடச் சொல்லிறாதீங்க டாக்டர்!”

டாக்டர் கலகலவென்று சிரித்துவிட்டாள். “ஆறு சொல்லையும் ஞாபகம் வச்சிருக்கீங்க. ஒங்களுக்கு மறதியா? போய்க் கடைய நடத்துங்கம்மா.”

வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டாக்டர் முந்தைய தாளைப் புரட்டியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அக்காவுக்கும் நான் குடை, ரயில், மணிதாம்மா சொன்னேன். அவங்களத் திரும்ப உள்ள கூட்டிட்டு வாங்க.”

வேலாயிக்குத் தீய்ந்த எண்ணெய்ச் சட்டி ஞாபகத்துக்கு வந்தது. அக்காமேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

“எனக்குத்தான் மறதியாம், தொணைக்கு வாக்கான்னு கூப்புடுறேங்க. அப்பத்தான் வருவாங்க.”