ஐந்தாவது பெட்டி

"அரிசிப் பானைக்குப் பின்னாலயும் பாத்துட்டியளா அண்ணாச்சி?"

"பாத்தாச்சு."

"அப்ப இனிமே கெடைக்காதுன்னே வச்சிக்கிடலாமா?"

ஆவுடையப்பனின் குரல் தழுதழுத்தது. சிங்கராயருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர்க் கலங்கரை விளக்கத்தின் நூற்றாண்டுக்கு வெளியிட்ட வெள்ளி நாணயப் பெட்டி உலகத்துக்கே மொத்தம் ஐந்துதான். அதில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த அவரைப் பார்க்க, ஆவுடையப்பன் உட்பட மற்ற நான்கு பெட்டிக்காரர்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தார்கள். நால்வரும் ஏன் புதுச்சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"இனி நாலுதான்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"நேத்தே வெல ரெண்டு மடங்கு ஆயிட்டு" என்றார் இன்னொருவர், துக்கம் தாளாமல்.

அப்போது சிங்கராயரின் மனைவி பிரகாசி காபித் தட்டோடு வந்தாள். டம்ளர்களுக்கு நடுவே அந்த நீலப் பெட்டி இருந்தது.

"தையல் மிஷின் டிராயர்ல, நூல்கண்டுக்கு அடியில கெடந்துது" என்றாள்.

சிங்கராயர் பெட்டியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்தவர் ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நேற்றுவரை கிடைக்காத பொருளாக இருந்த பெட்டி, கைக்கு வந்ததும் சிங்கராயருக்கே சற்று மலிவாகத் தெரிந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரகாசியின் பக்கம் திரும்பினார்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. அத எடுத்த எடத்துலயே திரும்ப வச்சிருதியளா?"