பிரிவு எண் எழுத வந்தவர்

மரகதம்மா வீட்டு ஷெட்டில் பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்றும் பழைய சின்னக் கார் ஒன்றும் இருந்தன. அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் வந்து, எந்தக் கார் எந்தப் பிரிவு என்று எழுதப் போகிறார். ஒன்றிலிருந்து ஐம்பது வரை போகும் பிரிவு எண் ஏற ஏற, வருஷா வருஷம் கட்டுகிற பணமும் ஏறும்.

பெரிய கார் சின்னக் காரைக் கேட்டது.

"அண்ணே, எண் ரொம்ப ஏறிட்டா மரகதம்மா என்னை வித்துடுவாங்களா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி. பெருமை பேசாதே," என்றது சின்னக் கார்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். "முன்விளக்கு உடைஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"கப்பல்ல வரவழைக்கணும் சார்," என்றது பெரிய கார், மெதுவாக.

அவர் முப்பத்தைந்து என்று எழுதினார். பெரிய கார் அதை எட்டிப் பார்த்தது. எப்படியாவது குறைக்க வேண்டுமே.

"என்னை யாரும் திருட முடியாது சார். தொட்டாலே கத்துவேன்."

"அப்படியா, நல்லது." அவர் எண்ணை அடித்துக் குறைக்கப் போனார். "ஆமா, உன்னைத் திருட யாராவது ஆசைப்படுவாங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இந்த ஊர்ல ஆசைப்படாதவங்க யாரு?"

சின்னக் கார் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் நாற்பத்தெட்டு என்று திருத்தி, தாளை மரகதம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மரகதம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு போனை எடுத்து வந்து, பெரிய காரை நாலு பக்கமும் படம் பிடித்தார்.

"சீக்கிரம் யாராவது வாங்கிட்டாத் தேவலை," என்று சொல்லிக்கொண்டார்.

"அண்ணே, நான் அழகா இருக்கேன்னுதானே எடுக்கிறாங்க?"

"ஆமா தம்பி. கொஞ்சம் நேரா நில்லு."