இராமையாவின் இரண்டு பிரசவங்கள்

“எனக்கு ரெண்டு பிரசவம் ஆனதா எழுதியிருக்கு ஐயா. அதை மட்டுமாவது அடிச்சுக் குடுங்க.”

தோட்டத்துக் கிளினிக்கில், ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இராமையா. வயது அறுபத்தொன்று. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியே ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் டிரஸர் நாகப்பன். ரிங்லெட் டவுனிலிருந்து டாக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்துக்கு வைத்தியம் நாகப்பன்தான். இராமையாவின் கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டும் சுகப்பிரசவம்னு இருக்கே.”

“சுகமோ கஷ்டமோ, எனக்கு ஆகலை ஐயா. அது மேல் லைன் ராமாயி. இங்கிலீஷ்ல எழுதுறப்ப பழைய டிரஸருக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளாத் தெரிஞ்சிருக்கு. போன மாசம் டாக்டர் என் வயித்தைத் தடவிப் பார்த்து, கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சாச்சான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மறந்துருச்சுன்னு சொன்னேன்.”

நாகப்பன் சிரிக்கவில்லை. “கார்டுல இருக்கிறதை இஷ்டத்துக்கு அடிக்க முடியாது பெரியவரே. ஒவ்வொண்ணா சோதிச்சுப் பார்த்து, தப்புன்னா பக்கத்துலயே நான் எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“சோதிச்சுப் பாருங்க லா. அதுக்குத்தான் வந்தேன்.”

பிரசவத்தை எப்படிச் சோதிப்பது என்று நாகப்பன் சற்று நேரம் யோசித்தார். பிறகு இராமையாவின் வெள்ளை மீசையை நன்றாகப் பார்த்துவிட்டு, ‘ஆண்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அடுத்தது. வலது கால், முட்டிக்குக் கீழே எடுத்தாச்சு.”

இராமையா கால்சட்டையைச் சுருட்டி, காலைத் தூக்கி மேசை மேல் வைத்தார். “அது கீழ்ப் பிரிவு இராமையா. லோரி ஏறிக் கால் போனவரு.”

நாகப்பன் காலைத் தட்டினார். கட்டைக்கால் இல்லை என்று உறுதி செய்துகொள்ள அழுத்தி ஒரு கிள்ளும் கிள்ளினார். இராமையாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“வலிக்குதா?”

“ரொம்ப நல்லா வலிக்குது ஐயா. எழுதிக்குங்க.”

எழுதினார். அடுத்த வரிக்கு வந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. “எழுபத்தாறாம் வருஷம் நீங்க இறந்துட்டீங்க.”

“அதுவும் அவர்தான். நானே போய் மண்ணு போட்டுட்டு வந்தேன்.”

“இறந்த அடுத்த வாரம் இருமல் மருந்து வாங்கியிருக்கீங்க.”

“அது நான். சாவு வீட்டுல மழையில நனைஞ்சது.”

நாகப்பன் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, ‘உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதினார். பேனாவை மூடாமலே கேட்டார். “இவ்வளவு காலம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன அவசரம்? பேக்டரியைக் காவல் காக்குற ஜாகா வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாமே, அதுக்கா? துரை கார்டு கேட்டாரா?”

இராமையா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“காவலுக்குக் காவல், துணைக்குத் துணை, அப்படின்னு வெச்சுக்குங்களேன். ஒரு வீட்டுலதான். கார்டு இப்படி இருந்தா அங்க என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க ஐயா.”

நாகப்பனுக்கு இரக்கமாகிவிட்டது. யாரோ பங்களாக்காரர், வயதானவர் என்று தட்டிக் கழிக்கிறார் போலிருக்கிறது.

“தண்ணி, சுருட்டு உண்டா?”

“சுருட்டை எப்பவோ விட்டாச்சு. தண்ணியைப் பொங்கலோட நிறுத்திட்டேன். நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“நல்ல இடம்தான். சரி, கடைசியா ஒண்ணு. இருதயம் பலவீனம்னு இருக்கு. அந்தக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை வரைக்கும் ஓடிட்டு வாங்க.”

இராமையா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். மருந்துக்கு வந்திருந்த பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேட்டில் ஏறித் திரும்பி வந்தவர், நிமிர்ந்து நின்று நெஞ்சைக் காட்டினார். நாகப்பன் குழாயை வைத்துக் கேட்டார்.

“இருதயம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் படபடன்னு அடிக்குது.”

“அது ஓடினதால இல்ல ஐயா. பயம்.”

“என்ன பயம்? நான் இருக்கேன்ல.”

அந்த வரியையும் திருத்தினார். அதோடு விடவும் அவருக்கு மனம் வரவில்லை. கார்டின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ‘நல்ல ஆரோக்கியம், நல்ல மனிதர். எந்த வீட்டிலும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதி, மிகப் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அதை அவரே ஒரு முறை உரக்கப் படித்தும் காட்டினார்.

இராமையா கைகூப்பினார்.

“கொண்டுபோய்க் காட்டுங்க. இதுக்கு மேலயும் அந்த வீட்டுக்காரர் ஏதாச்சும் சொன்னா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன். யாரு அவரு?”

இராமையா கார்டை இரண்டு கையாலும் எடுத்து, நாகப்பன் பக்கமே திருப்பி வைத்தார்.

“நீங்கதான் தம்பி. உங்க அப்பா போனதுல இருந்து அம்மாவும் தனியாத்தானே இருக்காங்க. கட்டிக்கிறேன்னு கேட்டேன். ‘எனக்குச் சம்மதம், என் மகன்கிட்டப் போய்ப் பேசுங்க’ன்னு அனுப்பி வெச்சாங்க.”