ஹேமிஷின் முழங்கால்

“அடிபட்டுப் படுத்திருக்கிறவனுக்கும் முழுச் சம்பளமா?” என்று கேட்டாள் சாந்தகுமாரி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

“ஆமாம்மா. ஆடினாலும் ஆடாட்டியும் அவன் சம்பளம் கணக்குல நிக்கும். டீம் மொத்தத்துக்கும் இவ்வளவுதான் கொடுக்கலாம்னு லீக் ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு. சேலரி கேப்னு பேரு. தாண்டினா கிளப்புக்கு ஃபைன்.”

“அப்போ அவனுக்குப் பதிலா வேற ஆள் எடுக்கவே முடியாதா?”

“சீசன் முழுக்க ஆடமாட்டான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, அவன் சம்பளத்தைக் கணக்குலேர்ந்து கழிச்சிடுவாங்க. அந்த இடத்துக்கு ரிசர்வ்லேர்ந்து ஒருத்தனை மேல எடுக்கலாம்.”

அந்த ஒருத்தன் யார் என்பதை அகில் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆக்லாந்து கால்பந்து கிளப்பின் ரிசர்வ் பையன்களில் கோல் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ரிசர்வ் பையன்களுக்குத் தருவது உச்சவரம்புக் கணக்கில் சேராது. சேர்க்கிற அளவுக்கு அது காசும் இல்லை. இன்ஜினியரிங் படிப்புக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு அவன் இந்த ஒரு இடத்துக்காகக் காத்திருந்தான். லீவு போட்டபோது அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டத்தில், மெயின் டீமுக்குக் கோல் போடும் ஹேமிஷின் முழங்கால் திருகிக்கொண்டது. அன்றிலிருந்து அகிலுக்கு ஒரே பிரார்த்தனை. வெளியே சொல்லக்கூடிய பிரார்த்தனை அல்ல.

“எப்போ தெரியும்?”

“மூணு வாரம் கழிச்சு ஸ்கேன். அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு.”

“பாவம், யார் பெத்த பிள்ளையோ. உன் முகம் வாடிக் கிடக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, அவன்மேல உனக்கு எவ்வளவு பாசம்னு.”

அகில் தட்டைப் பார்த்துத் தலையாட்டி வைத்தான்.

மறுநாள் அவன் பயிற்சிக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை நீட்டினாள்.

“ஆட்டுக்கால் சூப். மூட்டுக்கு இதைவிட மருந்து கிடையாது. அவன் இருக்கிற ரானுயி வழியாத்தானே போற? அவன் வீட்டுல கொடுத்துட்டுப் போ.”

“அவங்கல்லாம் இதைக் குடிக்க மாட்டாங்கம்மா.”

“குடிக்க வை. குடிக்கும்போது ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. என் மனசுக்கும் நிம்மதியா இருக்கும்.”

வழியில் எங்காவது கொட்டிவிடலாம் என்று அவன் போட்ட திட்டத்தில் மண் விழுந்தது.

ஹேமிஷ் முதல் நாள் முகர்ந்து பார்த்தான். இரண்டாம் நாள் மிளகுக்குத் தும்மினான். நான்காம் நாள் ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றான். ஒன்பது மணிக்கு சூப் வராவிட்டால் போன் வந்தது. இப்படி ஒரு நண்பன் தனக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று ஒருநாள் அகிலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அகிலுக்கு உடம்பே கூசியது. ஹேமிஷ் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் கிளமென்ட் மலேசியாக்காரர். தினமும் “ஹேமிஷ் கால் எப்படி இருக்கு அங்கிள்?” என்று அகில் வந்து விசாரிப்பதில் அவர் உருகிப்போயிருந்தார்.

“கூடப் பொறந்த தம்பிகூட இப்படிக் கேக்க மாட்டான் லா,” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அகில் அதைச் சூடு ஆறாமல் ஃபிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிவு வந்தது. கிளமென்ட் முதல் ஆளாக அகிலைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

“நல்ல சேதி தம்பி. டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு. நாலு வாரத்துல ஆட ஆரம்பிச்சிடுவான். சீசன் முழுக்க ஒதுக்கி வைக்க வேணாம்னு எழுதிட்டாரு.”

“அப்போ அவன் சம்பளம்?”

“அது கணக்குல அப்படியே நிக்கும். இந்த வருஷம் மேல யாரையும் எடுக்க வழி இல்ல. அத விடு, அவன் கால் நல்லாயிடுச்சு. நமக்கு அதுதான வேணும்?”

“ஆமா அங்கிள்,” என்றான் அகில்.

வீடு வந்து சேரும்வரை காரில் அழுதுகொண்டே வந்தான். உள்ளே நுழைந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

“மேல போக வேண்டிய அந்த ஒருத்தன் நான்தாம்மா. அவன் எழுந்திரிக்கக் கூடாதுன்னுதான் தினம் நினைச்சேன். பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ இரக்கப்பட்டு இரக்கப்பட்டு என் இடத்துலயே மண்ணைப் போட்டுட்ட. உன்னைச் சொல்லியும் குத்தமில்ல. உனக்கு இந்த விதியெல்லாம் எங்க புரியப்போகுது?”

சாந்தகுமாரி புடவைத் தலைப்பால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, அது பொய்யில்லை.

“புரியாம என்னடா? ரிசர்வ்ல இருக்கிறவன் ரெண்டு வாரம் முன்னால சொல்லிட்டு எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். அடிபட்டவன் இடத்துக்கு மேல போறவன் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாகணும். யூனிவர்சிட்டியில உனக்கு ஒரு வருஷம்தான் இடம் வச்சிருப்பாங்க,” என்றாள். “உங்க லீக் விதிப் புத்தகத்துல பதினாலாம் பக்கம். அதைப் படிச்சு முடிச்சிட்டுத்தான் நான் ஆட்டுக்கால் வாங்கவே போனேன்.”