பூ மாதிரி ஒரு கை

"பதினெட்டே நாள் மாஸ்டர். அவ சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகுது. அவளுக்கு இரும்பு வாளா?"

சுஜா மெதுவாகத்தான் கேட்டாள். அவள் குரலே அவ்வளவுதான்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கும் ஜப்பானிய வாள் வகுப்பு அது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய நீள வாள். பழகுவதற்கு எல்லோருக்கும் மூங்கில் வாள்தான். இரும்பு வாள் ஒன்றே ஒன்று. ஆண்டு விழா மேடையில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். ஒன்றரை வருடமாக சுஜா அதற்காகக் காத்திருந்தாள்.

"நான் என்ன செய்யட்டும் பிள்ளே?" என்றார் வன்னியராஜ் மாஸ்டர். "இடது கைதான் வாளைத் தூக்கணும், வலது கை சும்மா கூட வரணும்னு தொண்டை கிழியச் சொல்லுதேன். நீங்க எல்லாரும் வலது கையால அம்மி அரைக்கிற மாதிரி அமுக்குதீங்க. வெட்டு கோணிப் போகுது. அந்த அஞ்சுவப் பாரு. முத நாளே அவ வலது கை பூ மாதிரி இருந்துது."

சுஜா பார்த்தாள். கூடத்தின் மறுபக்கம் அஞ்சு வீசிக்கொண்டிருந்தாள். வலது கை விரல்கள் பிடியின் மேல் வெறுமனே படிந்திருந்தன. வாள் நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

கரமனை வீட்டு மொட்டைமாடியில் குடையை வைத்துக்கொண்டு சுஜாவும் எவ்வளவோ முயன்றுவிட்டாள். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கை. அதைப் பார்த்துச் சும்மா இரு என்றால் கேட்குமா?

"அக்கா, பழவங்காடி கோயில் பிரசாதம்."

அஞ்சு இலைத் துண்டை நீட்டினாள். இடது கையால். பிரசாதத்தை யாராவது இடது கையால் கொடுப்பார்களா? சுஜா வாங்கவில்லை. அஞ்சு கை மாற்றி நீட்டவும் இல்லை. சிரித்துக்கொண்டே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

இரும்பு வாள் கிடைத்த திமிர் என்று நினைத்தாள் சுஜா.

"அவகூட நான் ஆடிப் பாக்கேன் மாஸ்டர். ஜெயிக்கிறவங்களுக்கு வாள்."

மாஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சரி. இப்பவே ஆடுங்க. ரெண்டு பாயிண்ட் எடுத்தா ஜெயம்."

இருவரும் தலைக்கவசமும் கனத்த கையுறையும் மாட்டிக்கொண்டார்கள். தலையிலும் மணிக்கட்டிலும் பட்டால்தான் பாயிண்ட். கையுறைக்கு மேலே வெறும் தோல். அங்கே பட்டால் பாயிண்ட் இல்லை. ஆனால் வலிக்கும். வலித்தால் அந்தக் கை இறுகும். இறுகினால் வெட்டு கோணும்.

அஞ்சுவின் வலது கையில் சுஜா அங்கேதான் அடித்தாள். அஞ்சுவின் கை இறுகவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியின் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"சுஜா, குறி தப்புது கேட்டோ," என்றார் மாஸ்டர்.

அஞ்சுவின் வலது கை அப்போதும் பூ மாதிரியே இருந்தது. வாள் நேராக சுஜாவின் தலைக்கவசத்தில் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் அஞ்சு பல்லால் கடித்து இடது கையுறையை உருவிக்கொண்டிருந்தாள். வலது முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள். ஒன்றில் ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் சுஜா பக்கத்தில் போனாள்.

"ரொம்ப வலிக்குதா?"

அஞ்சு அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். "ஐயோ, ரத்தம். இது எப்போ பட்டுது?"

"நான்தான். வேணும்னேதான் அடிச்சேன்."

அஞ்சு கோபப்படவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இடது கை விரலால் அந்தத் தடிப்பை அழுத்தினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இல்லை என்று தலையசைத்தாள்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிராதீங்கக்கா. பஸ் கவிழ்ந்ததுலேர்ந்து இந்தக் கையில பலமும் இல்ல, உணர்ச்சியும் இல்ல. என்னைக்காவது ஒரு அடி வலிக்காதான்னுதான் தினமும் வரேன்."