கீழே டவர் இல்லை

கத்தரிக்காய் பேரம் பேசிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சுகிர்தாவுக்கு போனில் காற்றுச் சத்தம் கேட்டது.

பேஸ்மெண்ட்டில் காற்றடிக்காது.

பதினோரு நாளாக ஜெரால்ட் பேஸ்மெண்ட்டில்தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வளைகுடாவில் வெல்டர் வேலை. கல்யாணமான முப்பத்திரண்டாம் நாள் கவரைப்பேட்டையிலிருந்து கிளம்பிப் போனவன். போன மூன்றாவது வாரம் சண்டை மூண்டது. சைரன் ஊதினால் ஆறு மாடித் தொழிலாளர் கேம்ப்பும் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு.

"எங்க இருக்கீங்க?"

"கீழதான்."

"கீழ காத்து வீசுதா?"

சிரித்தான். கள்ள எடைக்கல்லோடு மாட்டிக்கொண்ட வியாபாரி சிரிக்கும் சிரிப்பு.

"கீழ டவரும் இல்ல, வைஃபையும் இல்ல சுகி. மொட்டமாடில ஃபுல்லா கீது. நீ சொல்லு, அந்தம்மா கொசுறு போட்டுச்சா இல்லியா?"

அப்படியானால் பதினோரு நாளும் மொட்டைமாடியில்தான் நின்றிருக்கிறான்.

பதினோரு நாளும் அவள் எத்தனை சேதி சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு சர்ச் நோட்டீஸைத் தின்றது. கேஸ்காரன் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனது. எளாவூர் பக்கம் தக்காளி லாரி கவிழ்ந்து ஊரே வாளியோடு ஓடியது. ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் இழுத்திருந்தாள். திருவள்ளூர் பஜாரில் ஜவுளிக்கடை ஒன்றில் நாலு வருஷம் புடவை விரித்துப் போட்டவள். வந்த ஆளை எழுந்துபோக விடாமல் உட்கார வைப்பதுதான் அங்கே தொழில்.

உட்கார வைக்கத் தெரியும். எழுப்பி அனுப்ப யாரும் சொல்லித் தரவில்லை.

அப்போது போனுக்குள் சைரன் ஊதியது.

"கீழ போங்க. உங்க கால்ல வுழறேன், போங்க."

"எல்லாரும் எறங்கட்டும், படிக்கட்டுல நெரிசலா கீது. நீ கத்திரிக்காய முடி."

அழுதாள். அழுகிற புதுப்பெண்டாட்டியை விட்டுவிட்டு எவன் இறங்குவான்? சமாதானம் சொல்ல ஆரம்பித்தான்.

போனை வைத்தாள். மறுநொடியே திரும்ப அடித்தது. அணைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பயந்துபோய், லைன் கிடைக்கிறவரை போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பான்.

எடுத்தாள். தூரத்தில் எங்கோ டம் என்றது.

"அது கடல் பக்கம், இங்கேர்ந்து ரொம்பத் தள்ளி," என்றான், மனை விற்பவன் மாதிரி.

கெஞ்சினால் நிற்பான். அழுதால் நிற்பான். கோபம் வந்த வாடிக்கையாளர் ஒருவர்தான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்குவார்.

சுகிர்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இன்னா?"

சொன்னாள். மீன் துண்டை ஒளித்துவைத்துவிட்டு வெறும் குழம்பை ஊற்றுகிறாள். நேற்று கரண்டியை விட்டெறிந்தாள். சுகிர்தாவின் அப்பா போட்ட சங்கிலி கவரிங்கா என்று நாலு பேர் முன்னால் உரசிப் பார்த்தாள். ஒன்றைவிட ஒன்று கனமான சரக்காக எடுத்து எடுத்து விரித்தாள்.

மறுமுனையில் காற்று இன்னும் வீசியது.

"எங்கம்மாவயா?" என்றான். அப்பா செத்த பிறகு ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்று அவனை வளர்த்த அம்மா. "யாரப் பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா?"

"தெரிஞ்சிதான். அது ராட்சசி. நான் மணவாள நகருக்கே, எங்கப்பா வூட்டுக்கே போறேன். நீங்க உங்கம்மா முந்தானயப் புடிச்சிக்கினே இருங்க."

"போ. போய்த் தொல. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டான்.

அடுத்து அவன் யாருக்குப் போடுவான் என்று சுகிர்தாவுக்குத் தெரியும்.

போட்டான். அதே அறையில், எதிர்ச்சுவர் ஓரத்தில், இன்னொரு போன் அடித்தது.

ஜெரால்டின் அம்மா ஹெலன் மடியிலிருந்து அதை எடுத்தாள். மீன், கரண்டி, சங்கிலி என்று இவ்வளவு நேரமும் வாயசைத்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ராட்சசி மட்டும் சுகிர்தாவின் சொந்தச் சரக்கு. அதற்கும் அத்தை, போதாது, இன்னும் போடு என்று கையாட்டியிருந்தாள்.

"ஆமாண்டா." ஹெலனின் குரல் கல் மாதிரி இருந்தது. "அப்படித்தான் பண்ணேன், இன்னமும் பண்ணுவேன். இன்னாடா பண்ணுவ? பொண்டாட்டிக்குப் பரிஞ்சிக்கினு வந்துட்டான். வைடா போன."

வைத்தாள்.

இனி உலகத்தில் அவன் போன் போட ஆளில்லை.

இரண்டு பெண்களும் ஆறு மாடி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரவர் கணக்குப் போட்டார்கள். ஐந்து நிமிஷம் ஆனதும் சுகிர்தா ஒரு 'ம்' மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மாடியிலேயே நின்றால் இரண்டு டிக் விழும். டவர் இல்லாத இடத்துக்கு இறங்கியிருந்தால் ஒன்று.

ஒன்றுதான் விழுந்தது.

"எறங்கிட்டான்," என்றாள் ஹெலன்.

சுகிர்தா தலையாட்டினாள். போன் உடைந்து கிடந்தாலும் ஒன்றுதான் விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, ஹெலன் மறுபடியும் சொன்னாள்.

"எறங்கிட்டான்."