கால் துண்டு

குளியலறைக் கதவைத் தள்ளினேன். கண்ணாடி முன்னால் என் தம்பி டிட்டோ சவர பிளேடால் அப்பச்சனின் மாத்திரையை நாலாக வெட்டிக்கொண்டிருந்தான்.

கர்த்தாவே, எனக்கு உயிரே போய்விட்டது.

எங்களைப் பெற்ற அப்பச்சனின் மூத்திரக் கோளாறுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது அது. கால் துண்டு போட்டால் முடி கொட்டுவது நிற்கும் என்று எங்கள் திருச்சூர்ப் பையன்களுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளைக்கு நெற்றி ஏறியிருந்தால் பெண் வீட்டில் வெறும் சாயாவோடு அனுப்பிவிடுவார்கள்.

நானும் வெட்டித் தின்றவன்தான். முடி தங்கியது, கல்யாணமும் நடந்தது. இடுப்புக்குக் கீழே மற்றது செத்துப்போயிற்று.

மாத்திரையை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. செத்தது செத்ததுதான். என் மனைவி ரீனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பச்சனோ தினமும் முழுசாக விழுங்கிவிட்டு ஜம்மென்று இருக்கிறார். போன வாரம் எறணாகுளத்தில் என் ரத்தத்தை எடுத்துக்கொண்ட டாக்டர் சொன்னார்: சிலர் உடம்புக்குப் பிறவியிலேயே இது ஆகாதோ என்று சந்தேகம், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, எதற்கும் கூடப் பிறந்தவர்கள் தொடாமலிருக்கட்டும்.

அன்றிலிருந்து டிட்டோவிடம் சொல்ல வாயெடுக்கிறேன். வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது.

இன்று அவனுக்குப் பெண் பார்க்கச் சாலக்குடி போகிறோம். வாசலில் கார் ஹார்ன் அடித்தது.

பிளேடைப் பிடுங்கினேன். மானத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உன் காலைப் பிடிக்கிறேன்டா, இதைத் தொடாதே. நாம ஒரே ரத்தம்டா."

கிண்டலடிப்பான் என்று நினைத்தேன். கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஓணத்தோடயே நிறுத்திட்டேன் சேட்டா. அப்புறமும் ஒண்ணும் திரும்பி வரல. மறுபடி போட்டா வருமோன்னுதான் இன்னைக்கு வெட்டினேன்."

ஓணமா? ஏழெட்டு மாதமாயிற்றே, ஈஸ்டரே முடிந்துவிட்டதேடா.

"ரெண்டு பேரும் உள்ள என்னடா பண்றீங்க? அங்க சாயா ஆறிடும்!" வாசலிலிருந்து அம்மச்சி கத்தினாள்.

டிட்டோ எழுந்து சீப்பை எடுத்தான். நான் வாங்கி வகிடெடுத்து வாரிவிட்டேன். எவ்வளவு முடி, பாவி மகனுக்கு.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிடணும் இல்ல சேட்டா? நீ எப்படி ரீனா சேச்சிகிட்ட சொன்னே?"

"இதோ வந்துட்டோம் அம்மச்சி!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.